கரைத்தீவு நாயும் ஆறாம் மாடியும்

புத்தளத்திலிருந்து வண்ணாத்திவில்லு வழியாக வடக்கே பயணம் செய்து, ஒரு புறம் வில்பத்துக் காடும் மறுபுறம் களப்பும் நெருங்கிவரும் அந்தக் கரையோரத்திலே, கண்டல் மரங்களின் பசுமையும் காயவைத்த கருவாட்டின் வாசனையும் ஒருங்கே எதிர்கொள்ளும் கரைத்தீவை அடைகின்ற ஒருவர், அவ்வூர் மனிதரைக் காண்பதற்கு முன்னமே பெரும்பாலும் அவ்வூர் நாய்களைக் கண்டுவிடுவார். வாடிகளின் நிழலில், மேல் மணலைப் பறித்து, அடியிலுள்ள ஈரமணலில் வயிற்றைப் பதித்துக்கொண்டு அவை படுத்திருக்கும். உறங்குவதாகத் தோன்றினும், தொலைவில் வரும் வள்ளத்தின் எந்திர ஓசையைக் கேட்டவுடன் காதுகள் மாத்திரம் எழுந்து திரும்பும். வள்ளம் கரையைத் தொட்டு, வலையை உதறி, மீனை இனம் பிரிக்கத் தொடங்கும் வேளையில், கல்லெறி எட்டாத ஒரு தூரத்தை மிகத் துல்லியமாகக் கணித்து அந்த இடத்தில் வந்து அமர்ந்துகொள்ளும்.

அப்படி அமர்ந்திருந்த ஒரு நாயை நான் ஒரு காலைப்பொழுது முழுவதும் கவனித்திருக்கிறேன். கருவாடு பரப்பிக்கொண்டிருந்த பெண்மணி குனிந்திருந்த வரையில் அது அசையவில்லை. அவர் நிமிர்ந்து முதுகைத் திருப்பியதும் எழுந்தது. நேராகச் செல்லாமல், வேறு ஏதோ காரியமாகப் போகிற பாவனையில் ஒரு சுற்றுச் சுற்றி, ஓரத்திலிருந்த ஒரே ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, ஓடாமல் நடந்து சென்றது. அருகிலிருந்த முதிய மீனவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “அவனுக்கு எல்லாம் விளங்கும் தம்பி, வாய்தான் பேசாது” என்றார்.

இந்தச் சுபாவமுடைய நாயின் வயிற்றிலே பிறந்த ஒரு குட்டியை, என் உறவினர் ஒருவர், பிள்ளைகளின் பிடிவாதத்திற்கு இணங்கிக் கொழும்பிலுள்ள தமது தொடர்மாடி வீட்டுக்குக் கொண்டுபோனார். ஆறாம் மாடி, இரண்டு அறை, கைக்குட்டையளவு பல்கனி. வீமன் என்று பெயரிடப்பட்ட அந்தக் குட்டி ஒரு வயதை அடைவதற்குள், பல்கனியில் உலர்ந்த உடுப்புகளை இழுத்து வந்து கட்டிலின் கீழ் சேமித்து வைக்கவும், யார் அழைப்புமணியை அடிக்கிறார் என்பதை லிப்ட் கதவு திறக்கும் முன்னரே அறிவிக்கவும், ஒரு சோடிச் செருப்பில் எப்போதும் ஒன்றை மாத்திரம் ஒளித்துவைக்கவும் பழகிக்கொண்டது. பக்கத்து வீட்டார் முறையிட்டனர். வீட்டார் தலையில் கைவைத்தனர். “ஊரில் தாய் நாய் எவ்வளவு அமரிக்கையாக இருந்தது, இது மட்டும் ஏன் இப்படி?” என்பதே அவர்களுடைய கேள்வி.

அந்தத் தாய்க்கும் இந்தப் பிள்ளைக்கும் புத்தியில் வித்தியாசமில்லை என்பதும், கரையிலே சாமர்த்தியம் என்று சிரித்துப் பாராட்டப்பட்ட அதே குணந்தான் மாடியிலே குறும்பு என்று பெயர் மாறிவிட்டது என்பதும் இந்த அத்தியாயத்தின் வாதம்.

மிதித்துத் திறந்த கூடை

வீமனுடைய கீர்த்திக்கு மூலகாரணமாக அமைந்தது, சமையலறையில் இருந்த, காலால் மிதித்துத் திறக்கும் குப்பைக் கூடை. எவரும் கற்றுக்கொடுக்காத இந்த வித்தையை அது கண்டுபிடித்தபோது, வீட்டார் அதனைப் பகுத்தறிவின் அற்புதமாகவே கருதினர். ஆனால் அந்தக் கூடையைச் சுற்றி நடந்தவற்றைச் சற்று நிதானமாகப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. மீன் தலையின் வாசனையால் கவரப்பட்ட நாய் முதலில் மூடியை முகர்ந்தது, பின் நக்கியது, பின் கூடையின் பக்கங்களைப் பிறாண்டியது, பிறாண்டுகையில் ஒரு முறை தற்செயலாக முன்னங்கால் மிதிப்பலகையில் விழ, மூடி எழுந்தது. மறுநாள் நக்குவதும் முகர்வதும் குறைந்து பிறாண்டுவது மிகுந்தது. ஒரு வாரத்துக்குள் வேறெதையும் செய்யாமல், நேரே சென்று ஒரே மிதியில் திறக்கலாயிற்று.

இவ்விதமான கற்றலை அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தோர்ண்டைக் 1898 ஆம் ஆண்டிலேயே பரிசோதனை மூலம் விளக்கிவிட்டார். கயிற்றையோ நெம்பையோ அசைத்தால் திறக்கக்கூடிய மரப்பெட்டிகளுக்குள் பூனைகளையும் நாய்களையும் அடைத்துவைத்து, அவை வெளிவர எடுத்த நேரத்தை அவர் ஒவ்வொரு தடவையும் குறித்துக்கொண்டார். திடீரென்று உண்மை விளங்கியவர் செய்வதுபோல அந்த நேரம் ஒரேயடியாகக் குறையவில்லை. சிறிது சிறிதாகவே குறைந்தது. பயன் தந்த செய்கை நிலைபெற, பயன் தராத செய்கை உதிர்ந்துபோகும் என்ற அவருடைய முடிவு, பின்னாளில் ‘பயன் விதி’ என்று பெயர் பெற்றது. இவ்விதிக்கு ஆசிரியர் தேவையில்லை, நல்லெண்ணமும் தேவையில்லை. குப்பைக் கூடையே ஆசிரியர். மீன் தலையே சன்மானம்.

அவ்வாறாயின் நாயை ‘கெட்ட பழக்கம் பழகிவிட்டது’ என்று நாம் குறைகூறும் ஒவ்வொரு சந்தர்ப்பத்திலும், அதற்குச் சன்மானம் கொடுத்துவந்தவர் எவர் என்று தேடிப்பார்ப்பது பயனுள்ளதாகும். உணவு மேசையருகே வந்து முனகும் நாய்க்குப் பத்துத் தடவை ‘போ’ என்று அதட்டிவிட்டுப் பதினோராவது தடவை மனமிளகி ஒரு துண்டு இறைச்சியைப் போடுகின்ற தாத்தா, தாம் கண்டிப்பாகவே இருந்ததாக நம்புகிறார். சார்ள்ஸ் பெர்ஸ்டரும் பி. எஃப். ஸ்கின்னரும் 1957 இல் வெளியிட்ட பெரிய ஆராய்ச்சித் தொகுப்பு இதற்கு நேர்மாறான உண்மையைக் காட்டிற்று: எப்போதும் கிடைக்கும் சன்மானத்தால் பழகிய பழக்கம், சன்மானம் நின்றதும் சீக்கிரம் மறைகிறது, எப்போதாவது கிடைப்பதால் பழகியதோ எளிதில் மறைவதில்லை. ஒருபோதும் விழாத லொத்தர்ச் சீட்டை எவரும் தொடர்ந்து வாங்கமாட்டார். எப்போதோ ஒருமுறை ஐந்நூறு ரூபாய் விழுந்தவரே வாரந்தோறும் வாங்குகிறார். தாத்தாவின் இரக்கம் நாயிடத்தில் அந்த வேலையைத்தான் செய்தது.

கண்ணைப் பார்க்கும் கண்

எனினும், தோர்ண்டைக்கின் விதியொன்றினால் நாயின் புத்தி முழுவதையும் அளந்துவிட முடியாது. கரைத்தீவு நாய் கருவாட்டை எடுத்தது பசியினால். ஆனால் அதை எடுப்பதற்கு அது தேர்ந்த கணம், அப்பெண்மணியின் பார்வை எங்கே இருக்கிறது என்பதைப் பற்றிய ஞானத்தினால் அன்றோ?

ஜெர்மனியில் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானிடவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2003 இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று ஏறத்தாழ அந்தக் கருவாட்டுக் காட்சியேதான். தரையில் உணவை வைத்து, எடுக்கக்கூடாது என்று நாயைத் தடுத்துவிட்டு, மனிதர் ஒரு சமயம் அந்த நாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சமயம் முதுகைத் திருப்பினார். ஒரு சமயம் கண்களை மூடிக்கொண்டார். ஒரு சமயம் வேறு விளையாட்டில் ஈடுபட்டார். பார்வை தம்மீது இருந்தபோது நாய்கள் குறைவாகவே எடுத்தன. எடுத்தபோதும் நேர்வழியை விட்டுச் சுற்றுவழியாக அணுகின. 2013 இல் யூலியானே காமின்ஸ்கி என்ற ஆய்வாளரும் அவருடைய துணைவர்களும் இருட்டறையில் இதனை வேறுவிதமாகச் சோதித்தனர். உணவின்மேல் வெளிச்சம் இருந்தபோது நாய்கள் தயங்கின. உணவு இருளில் இருந்தபோது துணிந்து திருடின. மனிதரின்மேல் வெளிச்சம் விழுந்ததா இல்லையா என்பது அவற்றுக்கு முக்கியமாகத் தோன்றவில்லை. மனிதருக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை நாய் ஓரளவு உணர்ந்திருக்கக்கூடும் என்ற ஐயத்தை இந்தப் பரிசோதனை எழுப்புகிறது.

இந்த ஞானம் மனைகளில் செல்லமாக வளரும் உயர்ந்த ஜாதி நாய்களுக்கே உரியதென்று எண்ணிவிடலாகாது. கொல்கத்தாவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவும் அவருடைய மாணவர்களும் எவருக்கும் சொந்தமில்லாத தெருநாய்களையே பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். மூடிய இரு கிண்ணங்களில் ஒன்றை முன்பின் அறியாத ஒருவர் கையால் சுட்டிக்காட்ட, பயிற்சியேதுமற்ற அந்த நாய்களில், அருகில் வரத் துணிந்தவற்றுள் பெரும்பாலானவை சுட்டிய கிண்ணத்தையே நாடின என்று 2020 இல் அவர்கள் எழுதினர். சுட்டியவர் தம்மை ஏமாற்றினாரா இல்லையா என்பதையொட்டி, வளர்ந்த நாய்கள் அடுத்த தடவை அவரை நம்புவதும் நம்பாதிருப்பதும் மாறுகிறதென்பது இதே குழுவினர் முன்னர் கண்ட விநோதம். மனிதரைச் சார்ந்தும் மனிதருக்கு அஞ்சியும் தெருவில் வாழும் பிராணிக்கு இதைவிடப் பிரயோஜனமான கல்வி வேறென்ன?

மனிதரோடு நாய்க்குள்ள இந்த உறவு மிகப் பழையது. ஜெர்மனியில் பொன்-ஓபர்காசெல் என்னுமிடத்தில் 1914 இல் அகழப்பட்ட புதைகுழியில், ஓர் ஆணுடனும் பெண்ணுடனும் ஒரு நாய் புதைக்கப்பட்டிருந்தது. அதன் காலம் ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்டது. அத்தனை நெடிய சகவாசத்தில் மனித முகத்தைப் படிக்கத் தெரிந்த நாய்களே பிழைத்துப் பெருகியிருக்கக்கூடும். ஹங்கேரியைச் சேர்ந்த ஆடம் மிக்லோஷியின் குழுவினர் 2003 இல் காட்டியபடி, தீர்க்கவியலாத ஒரு சிக்கலை எதிரே வைத்தால், மனிதர் கையால் வளர்ந்த ஓநாய் அதனோடேயே மல்லுக்கட்டுகிறது. நாயோ சிறிது நேரம் முயன்றுவிட்டு, திரும்பி மனிதரின் முகத்தைப் பார்க்கிறது. தொடர்மாடி வீட்டில் நாள் முழுவதும் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் நாய்க்கு, நீங்கள் கைப்பேசியில் மூழ்கும் கணமும், வெளியே புறப்பட எண்ணித் திறப்பைத் தேடும் கணமும் தெரியாமற்போகுமா?

குற்றமுள்ள முகம்

இவ்வளவு கூர்மையாக நம்மைப் படிக்கும் நாயை நாம் படிப்பது மிகச் சுமாராகவே என்பதற்கு ஒரு திருஷ்டாந்தம் உண்டு. வேலையிலிருந்து திரும்பி, கிழிந்த தலையணையைக் காண்கிறோம். நாய் காதைத் தாழ்த்தி, வாலை மடக்கி, முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. ‘தான் செய்தது பிழையென்று அதற்கே தெரிகிறது’ என்று தீர்ப்புக் கூறித் தண்டனையும் வழங்குகிறோம்.

நியூயோர்க்கைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் இந்தத் தீர்ப்பை 2009 இல் வெளியான ஓர் ஆய்வில் விசாரணைக்கு எடுத்துக்கொண்டார். தொடக்கூடாத தின்பண்டத்துடன் நாயைத் தனியே விட்டு உரிமையாளர் வெளியேறுவார். திரும்பி வருகையில், நாய் அதைத் தின்றது என்றோ தின்னவில்லை என்றோ அவரிடம் சொல்லப்படும். சொல்லப்பட்டது சில வேளை உண்மை, சில வேளை பொய். முடிவு என்னவெனில், அந்தக் ‘குற்றமுள்ள முகம்’ குற்றத்தோடு சம்பந்தப்படவில்லை. உரிமையாளர் அதட்டியதோடுதான் சம்பந்தப்பட்டிருந்தது. ஒன்றுமே செய்யாமல் அதட்டு வாங்கிய நாய்களிடத்தில் அது இன்னும் அதிகமாகக் காணப்பட்டது. நம்முடைய கோபத்தைச் சாந்தப்படுத்த நாய் செய்யும் சமாதானத்தை, நாம் குற்ற ஒப்புதலாக எழுதிக்கொள்கிறோம். தலையணை கிழிந்தது காலை ஒன்பது மணிக்கு. அடி விழுந்தது மாலை ஆறு மணிக்கு. இவ்விரண்டையும் இணைக்கும் நூல் நாயின் மனத்தில் இல்லை. எசமான் வீடு திரும்பும் வேளை அபாயமான வேளை என்ற ஒரு பாடத்தை மாத்திரமே அது கற்றுக்கொள்கிறது.

தனித்துவிடப்பட்ட வேளையில் மாத்திரம் கதவைப் பிறாண்டி, எச்சில் வடித்து, ஓயாமல் குரைத்து ஊளையிடுகின்ற நாயை இந்தக் குறும்பர்களின் வரிசையில் சேர்க்கவே கூடாது. அது குறும்பன்று, பிரிவின் பீதி. அதற்குரியவர் மிருக வைத்தியர்.

மூக்கின் உலகம்

இனி, கரையிலுள்ள அந்தத் தாய் நாய்க்கு இல்லாத எந்தக் குறை மாடியிலுள்ள இந்தப் பிள்ளைக்கு உண்டு என்று பார்ப்போம். சோறு உண்டு, நீர் உண்டு, மெத்தை உண்டு, கல்லெறிவார் இல்லை. ஆயினும் கரையிலுள்ள நாய் ஒரு நாளில் முகரும் வாசனைகளை எண்ணிப் பாருங்கள்: அலை ஒதுக்கிய பாசி, வலையில் ஒட்டிய செதில், கண்டல் சேற்றில் ஊர்ந்த நண்டு, இரவில் வந்துபோன காட்டுப்பன்றி, அடுத்த வாடி நாய் விட்டுச்சென்ற செய்தி. மனிதனுடைய மூக்கிலுள்ள வாசனை உணரும் கலங்கள் சில மில்லியன். நாய்க்கு அவை நூறு மில்லியனைத் தாண்டி, சில இனங்களில் முந்நூறு மில்லியன் வரையும் இருப்பதாகக் கணிக்கின்றனர். முகரத் தொடங்கிய நாய் விநாடிக்கு ஏறத்தாழ ஐந்து தடவை காற்றை இழுக்கிறது; வெளிவிடும் மூச்சை மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியே செலுத்துவதால், முன்னால் வரும் புதிய வாசனை கலைவதில்லை. செவியும் அத்தகையதே: நமக்கு விநாடிக்கு 20,000 அதிர்வுகளோடு ஓசையுலகம் முடிந்துபோக, நாய்க்கு அது ஏறத்தாழ 45,000 வரை நீள்கிறது. இத்தனை கருவிகளையும் ஏந்திய ஒரு ஜீவன், சலவைத்தூள் மணக்கும் தரையின்மேல், தினமும் அதே நான்கு சுவர்களை முகர்ந்துகொண்டு எத்தனை காலம் அமைதியாயிருக்கும்?

இன நாய்களின் விஷயத்தில் இது இன்னும் வெளிப்படை. 1904 ஆம் ஆண்டின் இறுதியில் சிவில் சேவை அதிகாரியாக இலங்கைக்கு வந்த லெனார்ட் வூல்ஃப், வோல்ட்டயரின் தொண்ணூறு தொகுதிகளோடு சார்ள்ஸ் என்ற ஒரு ஃபொக்ஸ் டெரியர் நாயையும் கொண்டுவந்தார். நரியை வளைக்குள்ளே துரத்திச் செல்வதற்கென்று பல தலைமுறைகளாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட ஜாதி அது. அத்தகைய ஜாதியை இன்று மாடிவீட்டில் வைத்துக்கொண்டு, சோபா மெத்தையைத் தோண்டுகிறதே என்று வியப்பதில் நியாயமில்லை. மந்தை மேய்க்கும் கொலி ஜாதி, ஆடுகள் இல்லாதபோது ஓடியாடும் பிள்ளைகளின் குதிகாலைத் துரத்துவதும் அவ்விதமே. தொழிற்சாலையை மூடிவிட்டாலும் தொழிலாளி பரம்பரைத் தொழிலை மறப்பதில்லை.

வேலை கொடுப்பது

நோயின் காரணம் இதுவானால், மருந்தும் அங்கேயே இருக்கிறது. பிரான்ஸைச் சேர்ந்த ஷார்லொட் டியூராந்தன் ஹோரோவிட்ஸோடு சேர்ந்து 2019 இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டு நாய்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மறைத்துவைத்த உணவை மூக்கால் தேடும் பயிற்சியும், மற்றதற்கு எசமானின் காலோடு ஒட்டி நடக்கும் பயிற்சியும் இரு வாரம் கொடுத்தனர். உணவு இருக்குமா இருக்காதா என்று சந்தேகத்துக்கிடமான ஓரிடத்தில் கிண்ணத்தை வைத்துச் சோதித்தபோது, மூக்குப் பயிற்சி பெற்றவை முன்னிலும் விரைந்து, நம்பிக்கையோடு அணுகின. ஒட்டி நடந்தவற்றில் அந்த மாறுதல் இல்லை. மூக்குக்கு வேலை கொடுத்தால் மனம் தெளிகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

தொடர்மாடியில் இதற்குப் பெரிய செலவு எதுவும் வேண்டியதில்லை. கிண்ணத்தில் கொட்டும் சோற்றின் ஒரு பகுதியைப் பழைய துவாயில் சுருட்டியோ, காகிதப் பெட்டிகளுக்குள் பொதிந்தோ வீட்டின் மூலைகளில் ஒளித்துவைத்தால், இரண்டு நிமிடத்தில் விழுங்கி முடிக்கும் ஆகாரம் கால் மணி நேர வேட்டையாகிவிடும். காலை நடையின்போது, நேரமாகிறதென்று சங்கிலியை இழுக்காமல், ஒவ்வொரு கம்பத்தடியிலும் நாய் வேண்டிய மட்டும் முகர்ந்து முடிக்க அவகாசம் கொடுக்க வேண்டும். தூரம் குறைந்தாலும் பாதகமில்லை. வெப்பம் மிகுந்த நம் நாட்டில், நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்கிறதாகையால், விடியற்பொழுதும் அந்தியுமே நடைக்கு உகந்தன. நாய் திருடிய செருப்பைத் துரத்திப் பிடிக்க ஓடுவது அதற்குக் கிடைக்கும் சிறந்த விளையாட்டு. ஓடாமல், வேறொன்றைக் காட்டி மாற்றிக்கொள்வதே யுக்தி. எட்டக்கூடாத பொருளை எட்டாத இடத்தில் வைப்பது ஆயிரம் அதட்டலுக்குச் சமம். மேசையருகே கொடுப்பதில்லை என்று முடிவு செய்தால் தாத்தா உட்பட எவரும் கொடுக்கக்கூடாது. முனகல் நிற்பதற்கு முன் சில நாள் உரத்து எழும். அந்தச் சில நாளில் தோற்பவர் நிரந்தரமாகத் தோற்றவராவார்.

அமெரிக்காவில் தென் கரோலினாவைச் சேர்ந்த ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் ஜோன் பில்லி, சேசர் என்ற பெண் நாய்க்கு 1,022 விளையாட்டுப் பொருள்களின் பெயர்களைக் கற்றுக்கொடுத்து, 2011 இல் அதனை ஆராய்ச்சிக் கட்டுரையாக்கினார். உலகம் அந்த நாயின் ஞாபகசக்தியை வியந்தது. நாளொன்றுக்கு நான்கைந்து மணி நேரமாக மூன்றாண்டு அந்த நாயோடு உழைத்த முதியவரின் பொறுமையை அவ்வளவாக வியக்கவில்லை. அந்த மணிநேரங்களை எடுத்துவிட்டால், சேசரும் யாரோ ஒருவருடைய வீட்டில் திரைச்சீலையைக் கிழித்துக்கொண்டிருந்திருக்கும்.

எனவே, நாய் வளர்க்க விரும்பும் தொடர்மாடி வாசிகள், ‘மிகவும் கெட்டிக்கார நாய்’ ஒன்றைத் தேடி அலையும் முன், தங்களுடைய நாளில் எத்தனை நாழிகையை அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு ஒதுக்க முடியும் என்று கணக்கிட்டுக்கொள்வது உத்தமம். நாழிகை கிடையாதென்றால், வயது முதிர்ந்த, நிதானமான, படுக்கையைப் பெரிதும் விரும்பும் ஒரு சாது நாயே அவர்களுக்குப் பொருத்தம். நாழிகை உண்டென்றால், குறும்பனையே தேர்ந்துகொள்ளட்டும். அவனுக்கு வேலை கொடுக்கும் சிரமத்தில், சோம்பிக் கிடந்த தங்கள் காலைப்பொழுதுகளுக்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டதை அவர்கள் விரைவில் கண்டுகொள்வார்கள்.